கேளுங்க அண்ணாச்சி: கொடை நோட்டீஸுக்கு ரெண்டு சீக்கு

கேள்வி: எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸை லிப்ரே ஆபீஸில் தட்டி, திருநெல்வேலி டவுனில் ஒரு அச்சகத்துக்கு அனுப்பினேன். அவங்க வேர்டில் திறந்தா ரெண்டு பக்கம் மூணாயிட்டு. பழைய நோட்டீஸிலிருந்து எடுத்து ஒட்டுன கொடைக்கு வரி கொடுக்கிற வரிதாரர் பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்தா தெரியுதாம். என் லேப்டாப்பில் எல்லாம் சரியா இருக்கு. டாக்எக்ஸா மாத்தி அனுப்பியும் அதே கதைதான். என்ன செய்ய, அண்ணாச்சி?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சீக்கு ரெண்டு தம்பி, நீங்க ஒரே மாத்திரையைக் கொடுத்திருக்கீங்க.

பக்கம் கூடுனது சின்ன விஷயம். லிப்ரே ஆபீஸ் கோப்பை ஓடிடி (.odt) வடிவத்தில் சேமிக்கும். வேர்ட் 2007-லிருந்து டாக்எக்ஸ் (.docx) வடிவத்தில். ஒண்ணை மற்றது திறக்கும்தான், ஆனா கட்டம், வரி இடைவெளியெல்லாம் தன் கணக்குக்குப் போட்டுக்கும். உங்க எழுத்துரு அங்க இல்லேன்னா வேற ஒண்ணை மாட்டிவிடும். கூடவே ஒரு பிடிஎஃப் அனுப்புங்க, எப்படி வரணும்னு பார்த்துக்குவாங்க.

பட்டியல்தான் வில்லங்கம். அது பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டுனதா இருக்கும்; எழுத்துருப் பெட்டியில் பேரைப் பாருங்க. பாமினியில் ‘தமிழ்’னு நீங்க பார்க்கிறது, உள்ளே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு உள்ள மெஷினில் தமிழ், இல்லாத மெஷினில் ஜேகேபிஓ. கோப்பை டாக்எக்ஸ் ஆக்கினாலும் உள்ளே கிடக்கிறது அதே ஜேகேபிஓதான். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி எழுத்து மாத்துற மென்பொருள் ஒண்ணில் போட்டு, மீதி நோட்டீஸ் மாதிரியே, தமிழைத் தமிழாவே வச்சிருக்கிற யூனிகோடா மாத்தணும்.

அதுக்கு முன்னாடி அச்சகத்துக்கு ஒரு போன் போடுங்க. வேர்டில் திறந்து பார்த்தாலும், பக்கம் கட்டுறது பேஜ்மேக்கரில்னா கதை தலைகீழ். 2001-ல் வந்த ஏழாம் பதிப்போட நின்னுபோன மென்பொருள் அது, யூனிகோடு தெரியாது. வரிசையா கேள்விக்குறி போட்டுக் காட்டும். அப்போ பட்டியலை விட்டுட்டு மீதி நோட்டீஸைத்தான் பாமினிக்கு மாத்தணும்.

மாத்தும்போது ஆங்கிலத்தில் உள்ளதைத் தனியா எடுத்து வச்சிடுங்க. என் தங்கச்சி மக கல்யாணப் பத்திரிகையை மொத்தமா அள்ளி கன்வெர்ட்டரில் போட்டேன். மாப்பிள்ளையோட எம்.ஏ. பட்டத்தில் ‘எம்’ இருந்த இடத்தில் ‘ஆ’ன்னு வாயைப் பிளந்துக்கிட்டு ஒரு எழுத்து நிக்குது! பாமினியில் பெரிய எம்-முக்கு அதுதான் எழுத்து. நல்லவேளை, மச்சான் கண்ணில் பட்டுது.

பட்டியலை மாத்தி முடிச்சதும் வரி பிரிச்சவர் ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வச்சு, நோட்டைப் பார்த்துப் பேர் பேரா வாசிக்கச் சொல்லுங்க. ஒரு தலைக்கட்டு பேர் விட்டுப்போனாலும் பஞ்சாயத்து கொடையன்னைக்குப் பந்தலுக்குள்ளேயேதான்.