புள்ளி ஓவியத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அர்த்தம் உண்டா?

ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் புள்ளி ஓவியத்தில் புள்ளிகள் எதைக் குறிக்கின்றன, அதற்கும் அவர்களுடைய நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்போர்ன் வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். பையனுடைய பள்ளி வேலைக்காகக் காது பட்ஸைப் பெயிண்டில் தோய்த்து ஒரு ஆமை முழுக்கப் புள்ளி வைத்துக் கொடுத்த ஆள் நான், அதனால் பெரிய நிபுணன் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் புள்ளியை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருப்பதைப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக இருந்தால் பெரும்பாலும் நீர்நிலை, இல்லையென்றால் தங்குமிடம். வட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடு முன்னோர் நடந்த வழி. லாடம் மாதிரி வளைந்திருப்பது, மணலில் உட்கார்ந்து எழுந்த ஆள் விட்டுப்போன தடம். காலங்காலமாக இவற்றை மணலிலும் உடம்பிலும் வரைந்துவந்தார்கள். பலகைக்கு வந்தது 1971-ல்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 240 கி.மீ. தள்ளி, பல குழுக்களைச் சொந்த நிலத்திலிருந்து கொண்டுவந்து அரசு குடியமர்த்தியிருந்த பப்புன்யா என்ற ஊரில். ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் ஊக்கப்படுத்த, பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பு என்ற முன்னோரின் கதையை வரைந்தார்கள், அப்புறம் கிடைத்த பலகையில் எல்லாம் வரைந்தார்கள். ஊரைப் பிரிந்து வந்தவர்கள் ஊரைத்தான் வரைந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆரம்பப் பலகைகள் சிலவற்றில் சடங்கு தெரிந்தவர்கள் மட்டுமே பார்க்க வேண்டியவையும் வந்துவிட்டன. மற்ற பழங்குடிகள் பார்த்துக் கோபப்பட்டார்கள். அதனால் அவற்றைப் புள்ளிகளால் மூடி மறைக்கத் தொடங்கினார்கள். சடங்கு ஓவியத்தில் புள்ளி முன்பே உண்டு, ஆனாலும் அது பலகை முழுக்கப் பரவியதற்கு இந்த மறைப்பும் ஒரு முக்கியக் காரணம். ஆக, சில புள்ளி புல், சில புள்ளி எரிந்த தரை, சில புள்ளி வெறும் திரை. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லி விற்கிற கடைக்காரரை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, யார் வேண்டுமானாலும் எந்தக் கதையையும் வரைய முடியாது. நிலம் யாருடையதோ கதையும் அவருடையது. மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடம் தகப்பன் வழியில் உரிமை வந்தவர் கிர்டா, தாய் வழியில் வந்தவர் குர்துங்குர்லு. முன்னவர் வரைந்தால், சரியாக வரைகிறாரா என்று பார்த்துக்கொள்வது பின்னவர் பொறுப்பு. (எங்கள் ஆமையை யாரிடம் கேட்டு வரைந்தோம் என்று பையன் பிறகு கேட்டான். பதில் இல்லை.)

சம்பந்தம் எவ்வளவு நேரடியானது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம், அதைப் புள்ளி ஓவியம் என்ற கணக்கில் சேர்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும் மணல் பாலைவனத்து மக்கள் தங்கள் நில உரிமை வழக்குக்காக 1997-ல் சுமார் 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் ஒரு கேன்வாஸ் வரைந்தார்கள், ங்குர்ராரா கேன்வாஸ் என்பார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கொரு பகுதியாகத் தன் தன் இடத்தை வரைந்தார்கள். தீர்ப்பாயத்தின் முன் அதைத் தரையில் விரித்து, சாட்சி சொல்ல வேண்டியவர் தான் வரைந்த நீரூற்றின் மேலேயே போய் நின்று, தன் மொழியில், இது என் இடம் என்று விவரித்தார். 2007-ல் சுமார் 77,000 சதுர கிலோமீட்டர் அவர்களுடையது என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் வரைந்தவர்களில் பலர் இறந்திருந்தார்கள்.