டராண்டுலா பருவத்துக்கு வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது ஜோடி சேர்க்கலாம்?

டராண்டுலா என்பது உடலெங்கும் முடி அடர்ந்த பெரிய சிலந்தி. அது பருவத்துக்கு வருவது என்றால் இங்கே உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். பலரும் வளர்க்கிற மெக்சிகன் ரெட் நீ வகையையே எடுத்துக்கொள்வோம். ஆண் தன் கடைசிச் சட்டையை உரித்துவிட்டு வெளியே வரும்போது ஆளே மாறியிருக்கும்: கால்கள் நீண்டு மெலிந்திருக்கும், முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோல உருண்டிருக்கும், முதல் ஜோடிக் கால்களின் உட்புறம் சின்னக் கொக்கிகள் தெரியும். சேரும்போது பெண்ணின் விஷப்பற்களைத் தடுத்துப் பிடிக்கத்தான் அந்தக் கொக்கி.

விந்து வெளிவருவது ஆணின் வயிற்றடியில், ஆனால் அதைப் பெண்ணுக்குள் செலுத்துவதோ அந்த உருண்டை நுனிகளால். அதனால் முதலில் சின்னதாக ஒரு வலை பின்னி, அதில் விந்தை விட்டு, அப்புறம் ஃபில்லரில் மை உறிஞ்சுவதுபோல நுனிக்குள் ஏற்றிக்கொள்ளும். இது நடந்த பிறகு ஜோடி சேர்த்தால்தான் பலன்.

பெண் விஷயம் வேறு. அது வளர்ந்த பிறகும் சட்டை உரிக்கும், அப்படி உரித்தால் உள்ளே சேமித்த விந்தும் சட்டையோடு போய்விடும். ஆகவே அண்மையில் உரித்து, உடல் இறுகி, சில வாரங்களாக நன்றாகச் சாப்பிடுகிற பெண்ணையே தேர்ந்தெடுங்கள். உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், நனைத்து மெதுவாக விரித்தால் விந்தைச் சேமிக்கும் பை இருக்கிறதா என்று பார்த்து, அது பெண்தானா என்று உறுதிசெய்துவிடலாம்.

சேர்ந்ததும் பெண் கட்டாயம் ஆணைத் தின்றுவிடும் என்பது உண்மையல்ல, வயிறு நிறைந்த பெண்ணிடமிருந்து பல ஆண்கள் உயிரோடு திரும்புகின்றன.