லிங்க்கைத் திறந்தது யார் போனில்?

கேள்வி: நடிகை ஒருவரின் அந்தரங்க வீடியோ என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. பார்க்க ஒரு செயலியை இறக்கச் சொன்னது, இறக்கினேன். படம் எதுவும் ஓடவில்லை. மறுநாள் மனைவியின் கணக்கிலிருந்து 38,000 ரூபாய் போய்விட்டது. என் போனைப் பிள்ளைகள் எடுப்பார்கள் என்பதால் அவள் போனில்தான் பார்த்தேன். தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்து அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பணத்தை மீட்க வழி உண்டா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பணத்துக்கு அப்புறம் வருகிறேன். செய்யாத தப்புக்கு உங்கள் மனைவி பட்டினி கிடக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சாப்பிடுகிறீர்கள். உங்களுக்கு வந்த லிங்க்கை அவர் போனுக்கு அனுப்பி, திறந்து, அப்புறம் அழித்தும் இருப்பீர்கள். பிள்ளைகள் முன்னால் மானம் போகக்கூடாது என்று இத்தனை யோசித்தவருக்கு, கட்டியவள் மேல் பழி விழும்போது வாய் திறக்கத் தோன்றவில்லையா? இப்படிப்பட்டவரைக் குடும்பத் தலைவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே மாதிரி கடிதங்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் வீடியோ என்று ஒன்று இருப்பதே இல்லை. இறங்குவது ஏ.பி.கே. கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருவதால் போனே எச்சரிக்கும். அதையும் தாண்டி அனுமதி கொடுத்திருப்பீர்கள். எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி கிடைத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நேராகத் திருடன் கைக்குப் போகும். வீடியோ நிஜமாகவே இருந்தால் மட்டும் என்ன? ஒரு பெண்ணின் சம்மதமில்லாமல் வெளியே விட்டதை நாம் ஏன் பார்க்க வேண்டும்? ஆபாச வீடியோவை இணையத்தில் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவின்படி முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை.

சரி, பணம். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழைத்திருந்தால், அது கை மாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மௌனம் அந்த நேரத்தைத் தின்றுவிட்டது. இனியும் தாமதிக்காதீர்கள். நம் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கியிடம் தெரிவிக்கும் வரை நாமே பொறுப்பு. தெரிவித்த பிறகு போனால்தான் வங்கி பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017-இல் சொன்ன விதி இது. கணக்கு உங்கள் மனைவியுடையது, புகார் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். நடந்தது தெரியாமல் அவர் என்னவென்று புகார் எழுதுவார்?

இன்றே சொல்லிவிடுங்கள். அந்தப் போனில் நெட்டை நிறுத்திவிட்டு, வேறு போனிலிருந்து 1930-க்கும் வங்கிக்கும் இருவருமாகப் பேசுங்கள். அவர் எண்ணிலிருந்து சொந்தக்காரர்களுக்கும் அதே லிங்க் போயிருக்கலாம். மாமனார் வீட்டுக்கு நீங்களே போன் போட்டு, அதைத் திறக்க வேண்டாம் என்றும், இங்கே திறந்தது நீங்கள்தான் என்றும் சொல்லுங்கள்.