கேளுங்கள், சொல்கிறேன்: விருது சாயத்துக்கா, சுவருக்கா?

கேள்வி: சிங்கப்பூரில் பழைய கட்டடங்களைப் புதுப்பித்தவர்களுக்கு அரசாங்கமே விருது கொடுக்கிறதாமே! பளிச்சென்று சாயம் அடித்தவருக்கு ஒரு கைதட்டல், அவ்வளவுதானா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரைத் தடவி வளர்ந்த ஊர்க்காரர் கேட்கிறீர்கள். மழுப்பினால் விடமாட்டீர்கள்!

அங்கே நகர மறுசீரமைப்பு ஆணையம் 1995 முதல் இந்த விருதை வழங்கிவருகிறது. கட்டட உரிமையாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், ஒப்பந்தக்காரர் என்று வேலையில் பங்கெடுத்த எல்லாத் தரப்புக்கும் பாராட்டு உண்டு. எந்த வேலைக்குப் பாராட்டு? இருப்பதை முடிந்தமட்டும் காப்பாற்று, பழைய பக்குவம் அறிந்து மீட்டெடு, பழுதைக் கவனமாகப் பார். ஆணையத்தின் மூன்று விதிகள் இவைதான். சாயம் கடைசியில் வருவது.

தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவிலோ சைனாடவுனிலோ உள்ள ஒரு கடைவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கடை, மேலே குடித்தனம், வாசலில் ஐந்தடி நடைபாதை. பக்கச்சுவர் உங்களுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் பொது. மர உத்திரங்கள் அந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஓடும். சுவருக்குள் புதைந்த நுனிதான் முதலில் உளுக்கும். உத்திரத்தையே தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு போடுவது சுலபம். உளுத்த பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, நல்ல மரத்தை ஒட்டுப்போட்டு அதே இடத்தில் உட்காரவைப்பதுதான் கஷ்டம்.

சுவர் இன்னும் வம்பு. பழைய செங்கல் மெத்தென்று இருக்கும். தரையிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, காரையோடு செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். அங்கே நான் மேற்பார்வை வேலையில் இருந்தபோது ஓர் உரிமையாளர், "சுண்ணாம்பு காய எத்தனை வாரம் காத்திருப்பது? சிமெண்ட் பூசி முடித்துவிடுங்கள் அண்ணே" என்றார். முடியாது என்றேன். அவர் வேறு ஆளை வைத்துப் பூசிக்கொண்டார். அடுத்த வருடமே முழங்கால் உயரத்துக்குச் சுவர் பொரிந்து நின்றது.

ஆகவே எனக்கு ஓர் ஆசை. வேலை முடிந்த கையோடு விருது கொடுக்காமல், பத்து வருடம் கழித்துச் சுவரைத் தட்டிப் பார்த்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போது கொத்தனாரையும் தச்சரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கலாம். மேடையில் இடம் போதாது என்றால் நாற்காலியைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அவ்வளவு பணமுள்ள ஊரில் கட்டடங்கள் ஏன் முதலில் பாழாயின?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாடகையால். 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காப்பாற்றியது, வீடுகளைக் கைவிட்டது. சொற்ப வாடகைக்கு எந்த உரிமையாளர் ஓடு மாற்றுவார்? 2001-இல்தான் அந்தச் சட்டம் முழுதாகப் போனது. அதற்குள் ஆணையமே 1987-இல் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் 32 கடைவீடுகளைப் புதுப்பித்து, "இப்படிச் செய்யலாம்" என்று காட்டியிருந்தது. 1989-இல் பத்து வட்டாரங்கள் பாதுகாப்புக்குள் வந்தன. இன்று அந்தப் பட்டியலில் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். பழையபடி குடித்தனக்காரர்கள் திரும்பி வந்தார்களா என்று கேட்காதீர்கள். பல கடைவீடுகளில் இப்போது மதுக்கூடமும் விளம்பர நிறுவனமும்தான்.

கேள்வி: அங்குள்ள பழைய கட்டடங்களில் நம்மவர் கைவேலை உண்டா?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நிறைய. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பாருங்கள். 1856-இல் தொடங்கி எழுப்பிய அந்த வெள்ளைக் கட்டடம் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகளின் உழைப்பு. உள்சுவருக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்து, காய்ந்தபின் பளிங்குக்கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியது. நம் வீட்டுப் பெரியவர்கள் சாந்து அரைத்த கணக்குதான். அந்தக் கொத்தனார்களில் ஒருவர் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. கொத்தனாரை மேடையேற்றச் சொன்னேனே, அது இவர்களை நினைத்துத்தான்.

கேள்வி: மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகிறேன். கையில் ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது. எங்கே போகட்டும்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தெலுக் ஆயர் தெரு. ஒரு காலத்தில் அதன் வாசலில் கடல் இருந்தது. கரையிறங்கிய கையோடு கட்டிய கோயில்களும் பள்ளிவாசல்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தியான் ஹாக் கெங் சீனக்கோயிலின் புதுப்பிப்புக்கு 2001-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதில் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. தலையை நிமிர்த்தி உத்திரங்களைப் பாருங்கள். அதே தெருவில், தமிழ் முஸ்லிம்கள் 1828-30-இல் எழுப்பிய நாகூர் தர்கா; அவர்களுடைய குச்சுப் பள்ளிவாசலும் பக்கத்தில்தான். காலை பத்துக்குள் போய்விடுங்கள் அம்மா. மதியமானால் அலுவலகக் கூட்டம் சாப்பாட்டுக்கு இறங்கிவிடும், ஐந்தடி நடைபாதையில் நின்று பார்க்க விடமாட்டார்கள்.