போர்வைக்குள் போன்: ஒன்பதாம் வகுப்பு மகனை எப்படித் தூங்க வைப்பது?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் போனில் விளையாடுகிறான். பிடுங்கினால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறான். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருவதால் கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில், பிடுங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா. நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் பறித்தால், சேர்ந்து ஆடும் நண்பர்களிடம் அவனுக்குத் தலைக்குனிவு. "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள்.

பகலில் எத்தனை மணி நேரம் என்ற கணக்கைப் பிறகு பார்க்கலாம். எனக்குக் கவலை தருவது அவன் தூக்கம்தான். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். ஆனால் இந்த வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரப்பதே தாமதமாகும். சின்ன வயதில் தூங்கிய நேரத்துக்கு இப்போது தூக்கம் வராது. அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். அதோடு திரை வெளிச்சமும் ஆட்டத்தின் பரபரப்பும் சேர்ந்தால் ஒரு மணி ஆகத்தான் செய்யும். காலை 6 மணிக்கு எழ வேண்டியவன் 10 மணிக்குள் தூங்க வேண்டும். அப்படியானால் 9 மணிக்கே போன் கையை விட்டுப் போக வேண்டும்.

எங்கே போகும்? ஹாலில் ஒரு சார்ஜர். வீட்டிலுள்ள எல்லா போனும் இரவு அங்கேதான். அப்பாவின் போன் மட்டும் தலையணைக்கடியில் இருந்தால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். வீட்டுப்பாடம் உங்கள் எண்ணுக்கு வரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். மாலையிலேயே அவன் அதை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, கோபம் இல்லாத நேரத்தில், போன் செட்டிங்ஸில் எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் போனது என்பதை இருவரும் சேர்ந்து பாருங்கள். உங்கள் போனையும் அவனிடம் காட்டுங்கள். எதைக் குறைப்பது என்று அவனே சொல்லட்டும்.

முதல் சில நாட்கள் எரிந்து விழுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போக மறுக்கிறான், சாப்பாட்டையும் நண்பர்களையும் ஒதுக்குகிறான், மெசேஜ் வந்தாலே பதறுகிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். யாராவது மிரட்டுகிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.