45 லிட்டர் வேண்டாம், தோள்வார் அடித்தையலைப் பாருங்க

வாரா வாரம் பெங்களூரு-மும்பை போறீங்க, ஒரே வருஷத்துல ரெண்டு பையோட தோள்வாரும் பிஞ்சுபோச்சு, அடுத்ததா 45 லிட்டர் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. இண்டிகோ விமானத்துல உள்ள கொண்டுபோற கைப்பைக்கு 55×35×25 செ.மீ., 7 கிலோதான். 45 லிட்டர் பையை அடைச்சா முன்பக்கம் உப்பி 25-ஐத் தாண்டிடும். 35 முதல் 38 லிட்டர் போதும். காலிப் பை ஒன்றரைக் கிலோவுக்குள்ள இருக்கணும். லேப்டாப்பும் சார்ஜரும் ரெண்டு கிலோ எடுத்துட்டா, மிச்சம் மூன்றரைதான்.

துணி 1000 டெனியரான்னு (டெனியர்ங்கறது நூலோட தடிமன் அளவு) எல்லாரும் கேக்கறாங்க. ஆனா துணி கிழியறது அபூர்வம், பிரியறது தையல்தான். கடையிலயே பையை உள்பக்கம் திருப்பி, தோள்வார் சேர்ற இடத்தை விரலால இழுத்துப் பாருங்க. ஊசித் துளைகள் விரிஞ்சு வெளிச்சம் தெரிஞ்சா வைச்சிடுங்க. வார் முதுகுத் தையலுக்குள்ள ரெண்டு அங்குலமாவது இறங்கி, மேல நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கணும். உள்விளிம்புல நாடா வெச்சுத் தைக்காம நூல் நூலா தொங்கினா, அதுவும் சீக்கிரம் பிரியும்.

வாரை மடிச்சு உள்ள ஒளிக்கிற மாடல்ல கீழ்க் கொக்கிதான் பலவீனம். அது தைச்சு மூடாம, உடைஞ்சா கழட்டி மாத்தற மாதிரி இருக்கட்டும். பிரதான ஜிப் 8 அல்லது 10-ம் நம்பரா இருக்கட்டும்; நம்பர் கூடினா பல் அகலம். பெரும்பாலும் ஜிப்பை இழுத்துத் திறக்கற ஓடியோட பின்புறம் அந்த நம்பரைப் பொறிச்சிருக்கும்.

பழைய பையைத் தூக்கிப் போடாதீங்க. பை தைக்கிறவர்கிட்ட, பருத்தி நூல் வேண்டாம், பிஞ்ச தோள்வாரை நைலான் நூல்ல சதுரமும் நடுவுல பெருக்கல் குறியுமா தைக்கச் சொல்லுங்க.