நாமினி என்றால் வாரிசா?

கேள்வி: அப்பா 3 மாதங்களுக்கு முன் காலமானார். உயில் எழுதவில்லை. வங்கியில் அவருடைய சம்பளச் சேமிப்பு 12 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டாக இருக்கிறது. அதில் என் தம்பியை நாமினியாகப் போட்டிருக்கிறார். "நாமினி நான்தானே, பணம் எனக்குத்தான். உனக்குத்தான் கல்யாணத்துக்கே நகை போட்டாச்சே" என்கிறான். வங்கியிலும் தம்பியிடம்தான் தருவோம் என்கிறார்கள். அம்மா இருக்கிறார். எனக்கும் அம்மாவுக்கும் பங்கு உண்டா?

பதில்: உண்டு. வங்கி சொல்வதும் சட்டப்படி சரிதான். குழப்பமே, "தம்பியிடம் தருவோம்" என்று வங்கி சொல்வதைத் தம்பி "பணம் தம்பிக்கு" என்று எடுத்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

வங்கிப் படிவத்தில் நியமனதாரர் என்று அச்சிட்டிருப்பார்கள். பேச்சில் எல்லோருக்கும் நாமினிதான். கணக்கு வைத்திருந்தவர் போன பிறகு வங்கி யார் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர்தான் நாமினி. கல்யாண மண்டபத்தில் மொய் எழுத உட்காருகிறவர் மாதிரி. வருகிற பணம் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும், நோட்டும் அவரிடம்தான் இருக்கும். அதற்காக மொய்ப் பணம் அவருடையது ஆகிவிடாது.

உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீடு தொடர்பான சர்பதி தேவி வழக்கில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான், உரிமை வாரிசுகளுக்கே என்று தீர்ப்பானது. அது 1984-ன் சட்ட அறிக்கைகளில் வந்தது. வங்கி டெபாசிட்டுக்கும் இதுவே பொருந்தும் என்று 2010-ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் சொன்னார்கள். கம்பெனிப் பங்குகளுக்கு மட்டும் வேறு கணக்கு என்று கொஞ்ச காலம் ஒரு வாதம் ஓடியது. 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் அதையும் முடித்துவைத்தார்கள்.

அப்படியானால் வங்கியிலேயே ஒரு ஆட்சேபக் கடிதம் கொடுத்து நிறுத்திவிடலாமே என்று தோன்றும். பலரும் அதைத்தான் செய்கிறார்கள், மேலாளரோடு சண்டையும் போடுகிறார்கள். பலன் இருக்காது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவு நாமினியிடம் பணம் கொடுக்க வங்கியை அனுமதிக்கிறது. அடுத்த பிரிவு, மற்றவர்கள் அனுப்பும் உரிமைக் கோரிக்கையை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்கிறது. வங்கியைக் கட்டுப்படுத்துவது நீதிமன்ற உத்தரவு மட்டும்தான். அதனால் உங்கள் வழக்கு தம்பியோடுதான், வங்கியோடு அல்ல.

சரி, யாருக்கு எவ்வளவு? நீங்கள் மதத்தைக் குறிப்பிடவில்லை. இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள், அப்புறம் இறந்தவரின் தாய். எல்லோருக்கும் சம பங்கு. அம்மா, நீங்கள், தம்பி மூவர் மட்டும் என்றால் ஆளுக்கு 4 லட்சம். உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் நான்கு பங்கு, ஆளுக்கு 3 லட்சம். பாட்டியைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தாத்தா இருந்தால் அவருக்கு இதில் பங்கில்லை. இறந்தவரின் தந்தை இரண்டாம் வகுப்பு வாரிசு, முதல் வகுப்பில் யாரும் இல்லாவிட்டால்தான் அவர் முறை வரும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் கணக்கில் அதுவும் ஆளுக்கு 4 லட்சம்தான், ஆனால் பாட்டிக்கு எதுவும் வராது. இஸ்லாமியக் குடும்பத்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மகனுக்கு மகளைப் போல இரு மடங்கு. இறந்தவரின் தாய் இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு.

தம்பி சொல்லும் நகை வாதம் நிற்காது. கல்யாணத்தில் போட்டதைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் வழியில்லை. இதில் இன்னொரு குழப்பத்தையும் பார்க்கிறேன். "1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று யாராவது வந்து சொல்வார்கள். தமிழ்நாட்டின் அந்த 1989 திருத்தம் பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்பா தன் சம்பளத்தில் சேர்த்த பணத்துக்கு அது வராது. அதில் மகளுக்கு 1956 முதலே மகனோடு சம உரிமை.

அப்பா பெயரில் ஆயுள் காப்பீட்டு பாலிசி ஏதும் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். 2015-ன் காப்பீட்டுச் சட்டத் திருத்தம், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணத்தின் பலனும் அவர்களுக்கே என்கிறது. அதாவது பாலிசியில் தம்பி பெயர் இருந்தால் அவர் கை இங்கே ஓங்கும். ஆனாலும் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-ல் வாரிசுகள் உரிமை கோரினால் அவர்களுக்கே முன்னுரிமை என்றது. பாலிசித் தொகை பெரிதென்றால் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிவிட்டுப் பேசுங்கள். வீடு, நிலத்துக்குப் பத்திரப்பதிவில் நாமினி போடும் வழக்கமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையம் வழியாகவே முடியும். அதில் வாரிசுகள் எல்லோர் பெயரும் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெபாசிட் ரசீதின் நகலை, அதுவும் இல்லாவிட்டால் எண்ணையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அதோடு போயிற்று.

ஒத்துவரவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாட்களுக்குள் வங்கி நாமினிக்குப் பணத்தைத் தந்துவிட வேண்டும். செலவழிந்த பிறகு, தீர்ப்பு கையில் இருந்தாலும் வசூலிப்பது பெரும்பாடு. உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, உங்கள் பங்கு அளவுக்குப் பணத்தை எடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். அம்மாவையும், இருந்தால் பாட்டியையும் வழக்கில் சேர்த்தாக வேண்டும்.

வங்கியிலிருந்து வந்தது என்று தம்பி ஏதாவது காகிதத்தை நீட்டினால் முழுதும் படித்துவிட்டு முடிவெடுங்கள். "எனக்கு ஆட்சேபணை இல்லை, என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.